வளையிற ரொட்டு

ஏப்ரல் லீவுக்கு கெம்பஸிலிருந்து வீட்டுக்கு வந்தால் பாதி நாள் எனக்கு மாமாவின் கராஜில்தான் போகும். பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் ரோட்டோரம், தகரக் கூரை போட்ட சின்ன இடம். ஆர்ட்ஸ் படிக்கிற எனக்கு அங்கே ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதும் டீ வாங்கி வருவதும்தான் வேலை.

ஒரு நாள் பழைய ஹைலக்ஸ் டபுள் கெப் ஒன்று வந்தது. முன்னாலும் லீஃப் ஸ்பிரிங் இருக்குமே, அந்த மாடல். ஓனருக்கு என் வயசுதான். கூட்டாளிகளோடு மண்ணில் ரேஸ் விடுகிறவன். ஃபோர் வீலில் போட்டு, இஞ்சினை நல்லா ஏத்தி, கிளட்ச்சை பட்டென்று விட்டிருக்கிறான். முன் வீல் இரண்டும் தவளை மாதிரி துள்ளி, டை ரொட் வில்லாக வளைந்துவிட்டது.

"பாஸ், இத சூடாக்கி நிமித்தி, மேல ஒரு கம்பி வச்சு வெல்ட் பண்ணித் தாங்க. சாயந்தரம் ஓட்டணும்."

"அப்படின்னா வேற கராஜ் பாருங்க தம்பி" என்றார் மாமா. அவன் போகவில்லை. அதனால்தான் எனக்கும் இந்தப் பாடம் கிடைத்தது.

டை ரொட் என்பது முன் வீல் இரண்டையும் ஒன்றாகத் திருப்பி வைக்கிற கம்பி. பின் வீல் மட்டும் தள்ளுகிற வண்டியில் முன் வீல் சும்மா உருளும். ஃபோர் வீலில் முன் வீலும் இழுக்கும். இழுக்கும்போது ஒவ்வொரு வீலும் தன்பாட்டில் திரும்பப் பார்க்கும். அதை இந்தக் கம்பிதான் பிடித்து வைக்க வேண்டும். மண்ணில் டயர் பிடிக்கும், வழுக்கும், மறுபடி பிடிக்கும். அந்தத் துள்ளலில் ரொட்டுக்கு ஒரு இழுப்பு, ஒரு அமுக்கு என்று மாறி மாறி அடி விழும். இழுப்பை அது தாங்கிவிடும். அமுக்குதான் பிரச்சினை. விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை எடுத்து இழுத்துப் பாருங்கள், லேசில் அறாது. இரண்டு முனையையும் பிடித்து அமுக்குங்கள், உடனே வளையும். அதே நீளத்தில் கம்பியின் தடிப்பை 2 மடங்காக்கினால் வளையாமல் நிற்கிற பலம் 16 மடங்காகும். கம்பி முழுக்க இரும்பாக இருக்கவும் தேவையில்லை. மூங்கில் மாதிரி உள்ளே வெறுமையாக, அகலமாக இருந்தால் போதும். ஒரு தடவை வளைந்த ரொட்டை சூடாக்கி நிமிர்த்தினால் இரும்பின் பழைய பலம் திரும்பி வராது. வெல்ட் வைத்த இடத்தின் ஓரத்தில் வெடிப்பு விழுந்தால் வெளியே தெரியவும் மாட்டாது.

மாமா தடித்த குழாய் எடுத்து, லேத்தில் கொடுத்து இரண்டு முனையிலும் மரை வெட்டுவித்தார். பெரிய சைஸ் எண்ட் போட்டார். ஸ்டியரிங் பொக்ஸ் செஸியில் பூட்டுகிற இடத்துக்கும் ஒரு பிளேட் வைத்தார். அது எதுக்கு என்று கேட்டேன்.

"ரொட்டு வளையலன்னா அந்த அடி எங்கடா போகும்? அடுத்த சாமானுக்குத்தான். வளைஞ்ச ரொட்டோட மெதுவா வீட்டுக்கு வந்துரலாம். போல் ஜொயின்ட் கழண்டா ஒரு வீல் இங்க, மத்தது அங்க. அப்ப ஸ்டியரிங் கையில இருந்து என்ன புண்ணியம்?"

அந்தப் பையனிடம் இரண்டு விசயம் சொல்லி அனுப்பினார். ஸ்டியரிங்கைத் திருப்பி வைத்துக்கொண்டு கிளம்பாதே. வண்டி துள்ள ஆரம்பித்தால் உடனே எக்ஸிலேட்டரை விட்டுவிடு.

இதை எழுதும்போது தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் ஞாபகம் வருகிறது. 2024 ஏப்ரல் 21 அன்று ரேஸ் கார் ஒன்று பாதையை விட்டு விலகி, பார்க்க வந்த சனத்துக்குள் பாய்ந்தது. 7 பேர் செத்துப்போனார்கள். அதில் சின்னப் பிள்ளையும் உண்டு. ஓடுகிறவனுக்கு ஹெல்மெட் இருக்கிறது, பெல்ட் இருக்கிறது. ஓரத்தில் நிற்கிறவனுக்கு அந்த வண்டி சொன்ன பக்கம் திரும்பும் என்ற நம்பிக்கை மட்டும்தான். எனக்கும் ரேஸ் பிடிக்கும். ஆனால் இப்போதெல்லாம் வளைவு ஓரத்தில் நிற்பதில்லை.

ஹைலக்ஸ் போன மறுநாள் தோட்டத்து லொறி ஒன்று வந்தது. காலையில் ஆட்களை மேல் மலைக்கு ஏற்றிப் போவதும் அதுதான், பிறகு கொழுந்து ஏற்றுவதும் அதுதான். மாமா டிரைவர் அண்ணனை இஞ்சினை ஓடவிட்டு ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்சம் ஆட்டச் சொன்னார். என் கையைப் பிடித்து எண்டின் மேல் வைத்தார். டொக் டொக் என்று ஆடியது. ரொட்டிலும் ஏற்கனவே நிமிர்த்திய அடையாளம் இருந்தது.

"புதுசு போடணும்" என்றார் மாமா.

டிரைவர் அண்ணன் ஒஃபீஸுக்கு கோல் எடுத்தார். கொஞ்ச நேரம் "சரிங்க சேர், சரிங்க சேர்" என்று மட்டும் கேட்டது. போனை வைத்துவிட்டு எங்களைப் பார்க்காமலே சொன்னார். "இந்த மாசம் ஓடுற மாதிரி இறுக்கி மட்டும் குடுக்கச் சொல்றாங்க."

ரேஸ் வண்டிக்கு மூன்று நாள் செலவழித்த மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பழைய எண்ட் பெட்டியைக் கொட்டி, ஆட்டம் இல்லாத ஒன்றைத் தேடி எடுத்தார்.

"இது ஒஃபீஸ் கணக்குல வேணாம்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "கொட்டர் பின் புதுசா ரெண்டு எடுடா."