கீழ் ஸ்தாயிக்கு ஒரு பெட்டி

ஆவணி 3, ஞாயிறு

இரண்டு ஸ்பீக்கர்கள் செவ்வனே பாடிக்கொண்டிருக்கும் கூடத்தில் மூன்றாவதாக ஒரு பெட்டி எதற்கு என்று வீட்டில் எழுந்த கேள்வி நியாயமானதே. அதற்கு விடை சொல்லுமுன், நான் கேட்கும் சங்கீதத்தில் எது எவ்வளவு தூரம் கீழே இறங்குகிறது என்பதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்துக்கொள்வது உசிதமென்று பட்டது. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண்குரலுக்கு மீட்டப்படும் தம்பூராவின் மந்தரத் தந்தி ஏறக்குறைய 65 ஹெர்ட்ஸில் நிற்கிறது. அதற்கும் கீழே ஒரு கச்சேரி மேடையில் நிகழ்வது சொற்பமாகையால், கர்நாடக சங்கீதம் மாத்திரமே கேட்பவர் சப்வூஃபருக்கென்று ஒதுக்கும் பணத்தைச் சபா டிக்கெட்டுக்குச் செலவழிப்பதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் இளையராஜாவின் பாட்டுகளில் மெட்டுக்கு அடியில் தனக்கென ஒரு வழி வகுத்துக்கொண்டு நடக்கும் பாஸ் கிடாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ் வரை போகிறது. மாதாகோவில் ஆர்கனின் பதினாறடிக் குழாய் 33ஐத் தொடுகிறது. பியானோவின் இடக்கோடிக் கட்டையோ 27.5. என்னிடமுள்ள ஸ்பீக்கர்களின் ஐந்தங்குலக் கூம்புகள் 70க்குக் கீழே மெல்ல ஓய்ந்துவிடுகின்றன.

அவை ஓய்வதில் குற்றமொன்றும் இல்லை. ஒலியின் பலம் குறையாமல் ஒரு ஸ்தாயி கீழே இறங்க வேண்டுமானால் கூம்பு முன்போல் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 80லிருந்து 40க்கு நான்கு மடங்கு, 20க்குப் பதினாறு மடங்கு. இது போதாதென்று நம் செவியும் கீழ் ஸ்தாயியில் மந்தமாகவே படைக்கப்பட்டிருக்கிறது. இதை 1933இலேயே பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் கோடு கீறிக் காட்டிவிட்டார்கள். 40 ஹெர்ட்ஸ் நாதம் காதில் பட்டும் படாமலும் விழுவதற்கே சுமார் 50 டெசிபல் வேண்டியிருக்கிறது.

ஆவணி 9, சனி

ரிச்சி தெருவுக்குப் போய் வந்தேன். அத்தெருவில் காலை பத்து மணிக்குமேல் நடப்பதென்பது ஒருவன் முதுகைப் பிடித்துக்கொண்டு இன்னொருவன் நகர்வதுதான். கடைவாசல்தோறும் நீல விளக்கு மினுக்கும் ஆயத்தப் பெட்டிகள் அடுக்கியிருந்தன, அட்டைப்பெட்டியின்மேல் ‘பி.எம்.பி.ஓ.’ என்ற மூல மந்திரமும் அதன் பக்கத்தில் ஆயிரக்கணக்கில் ஒரு வாட் எண்ணும் அச்சிட்டிருந்தார்கள். சுவரிலிருந்து நூறு வாட்கூட இழுக்காத ஓர் உபகரணம் அத்தனை ஆயிரம் வாட்டை எங்கிருந்து வரவழைக்கிறது என்று விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை. அவர் பதிலுக்கு ஒலியைக் கூட்டிக் காட்டுவார். கூட்டியும் காட்டினார். தவில் வந்தாலும், கிடார் வந்தாலும், திரைப்படத்தில் குண்டு வெடித்தாலும் அப்பெட்டிக்குத் தெரிந்தது ஒரே ஸ்வரம். அதை அது யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் உரக்கச் சொல்லிற்று. சோதனைக்காக நான் கைப்பேசியிலிருந்து 40 ஹெர்ட்ஸ் சுத்த நாதம் ஒன்றை அனுப்பியபோது துவாரத்திலிருந்து காற்றுச் சீறியதே தவிர நாதம் எழவில்லை.

ஆகவே பெட்டியை விட்டு, வெறும் பத்தங்குல டிரைவர் ஒன்றை வாங்கினேன். அதைத் தேர்ந்ததற்குக் காரணம் கனத்த காந்தமுமல்ல, கூம்பைச் சுற்றியிருந்த தடித்த ரப்பர் வளையமுமல்ல. அதனுடன் வந்த காகிதத்தில் மூன்று எண்கள் இருந்தன. தனியே விட்டால் கூம்பு இயல்பாக அதிரும் ஸ்தானம் 24 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதைச் சொல்லும் க்யூ எண் 0.45, அதன் தொங்கலின் இளக்கத்துக்குச் சமமான காற்று 60 லிட்டர். இந்த எண்களைக் கொண்டு மரத்தைத் தொடுமுன்னரே பெட்டியின் குணத்தைக் கணித்துவிடும் சாஸ்திரத்தை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் எழுதினார். சிட்னியிலிருந்து ரிச்சர்ட் ஸ்மால் 1972, 1973ஆம் ஆண்டுகளில் அதை விரித்தார். அதற்கு முன்பெல்லாம் பெட்டி செய்தவர்கள் பெரும்பாலும் அறுத்துப் பார்த்து, கேட்டுப் பார்த்து, மறுபடி அறுத்தவர்கள். இந்த எண்கள் அச்சிடாத டிரைவரை, விலை எவ்வளவு சகாயமாயிருந்தாலும், கடையிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது.

ஆவணி 10, ஞாயிறு

துவாரமுள்ள பெட்டியா, முற்றும் மூடிய பெட்டியா என்ற பழைய வழக்கு இன்று என் மேசைமேல் விசாரணைக்கு வந்தது. துவாரப் பெட்டிக்கு 1932இலேயே துராஸ் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். கூம்பின் பின்புறத்து ஒலியையும் வீணாக்காமல் ஒரு குழாய்வழி வெளியே கொணர்ந்து முன்புறத்து ஒலியோடு சேர்ப்பது அவர் யுக்தி. அதனால் குறைந்த சக்தியில் அதிக ஒலி கிடைக்கிறது. ஆனால் பெட்டி பெருக்கிறது, குழாய் எந்த ஸ்தானத்துக்கு அமைக்கப்பட்டதோ அதற்குக் கீழே கூம்பு கட்டவிழ்ந்து துள்ளுகிறது, ஒலியும் செங்குத்தாகச் சரிகிறது. 1954இல் நியூயார்க்கைச் சேர்ந்த எட்கர் வில்ச்சர் இதற்கு நேர்மாறாக, இளகிய தொங்கலுள்ள கூம்பைச் சிறிய மூடிய பெட்டியில் அடைத்து, உள்ளே சிறைப்பட்ட காற்றையே அதற்கு வில்லாக்கினார். அவ்வில்லின் சீர்மைக்குக் கூம்பின் சாதாரணத் தொங்கல் ஈடாகாது.

ஹாஃப்மன் விதி என்று ஒன்றுண்டு. புகழ்பெற்ற பியானோ வித்வானின் குமாரரான அந்த ஹாஃப்மன் சொன்னதன் சாரம், சிறிய பெட்டி, ஆழ்ந்த ஒலி, குறைந்த மின்சக்தி ஆகிய மூன்றில் எவையேனும் இரண்டைத்தான் ஒருவன் பெறலாம், மூன்றாவதைத் தியாகம் செய்தே தீரவேண்டும் என்பது. சக்தி இன்று மலிவு, கூடத்தில் இடம் அருமை. மூடிய பெட்டிக்கே தீர்ப்புச் சொன்னேன். கணக்கு மிகச் சுலபமாக முடிந்தது: 60ஐ 40ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 1.58, அதை 0.45ஆல் பெருக்கினால் 0.71. மூடிய பெட்டியில் மேடும் பள்ளமும் இல்லாத சமநிலைக்குரிய எண் அதுவேயாகையால் 40 லிட்டர் என்று நிச்சயித்தேன். அதே 1.58ஐ 24ஆல் பெருக்க, பெட்டிக்குள் கூம்பின் புதிய ஸ்தானம் 38 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே ஒலி சரிந்தாலும் சாய்வாகவே சரியும். மூடிய அறையின் சுவர்கள் அதில் ஒரு பங்கை ஈடுசெய்யும்.

ஆவணி 17, ஞாயிறு

ஆசாரி வந்தார். கல்யாண மைக் செட்காரர்களுக்கு ஆளுயரப் பெட்டிகள் செய்து கைதேர்ந்தவராதலால், நான் கொடுத்த படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “காத்துப் போக ஒரு ஓட்டைகூட வேண்டாமா சார்? மூச்சு முட்டிப்போகுமே” என்றார். மூச்சு முட்டுவதே இதன் தத்துவம் என்று விளக்கினேன். என் விளக்கத்தைவிட அவருக்குக் கூலியில் நம்பிக்கை அதிகமாயிருந்தது.

எம்.டி.எஃப். பலகை செவ்வையாக அறுபடும், விலையும் குறைவு. ஆனால் ஐப்பசி மழையில் சென்னைச் சுவர்களே வியர்க்கும்போது அப்பலகை உப்புவதற்கு ஒரு தயக்கமும் காட்டாது. ஆகவே 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட். டிரைவருக்கும் உட்கட்டைகளுக்கும் நான்கு லிட்டர் சேர்த்து, உள்ளளவு ஒவ்வொரு பக்கமும் 35 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான கனசதுரமாக அமைத்தோம். சாதாரண ஸ்பீக்கருக்குக் கனசதுரம் ஆகாது, மூன்று பக்கத்து எதிரொலியும் ஒரே ஸ்தானத்தில் கூடும். ஆனால் 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே நான்கு மீட்டருக்கு மேற்பட்டதாகையால் அவ்வலைக்கு இப்பெட்டி ஒரு பொருட்டல்ல. பொருட்படுத்த வேண்டியது பலகையின் அதிர்வு. எதிரெதிர்ப் பக்கங்களை இணைத்து நடுவில் ஒரு சட்டத்தை ஆசாரி பொருத்தினார். பொருத்துமுன் ஒரு தரமும் பொருத்தியபின் ஒரு தரமும் மடக்கிய விரலால் பலகையைத் தட்டி எனக்குக் கேட்கக் காட்டினார். முதல் தட்டு காலிப் பானையைப் போல் முழங்கியது. இரண்டாவது ‘டொக்’கென்று அங்கேயே நின்றது.

ஆவணி 20, புதன்

பசை காய்ந்துவிட்டது. மூட்டுகளில் உள்ளிருந்து மறுபடியும் ஃபெவிகால் பூசி, டிரைவரின் விளிம்புக்கடியில் நுரைநாடா ஒட்டி, திருகுகளை எதிரெதிராக முடுக்கினோம். கூம்பை இரண்டு கைவிரல்களாலும் மெல்ல உள்ளே அழுத்தி விட்டால், அது சட்டென்று துள்ளித் திரும்பாமல் சோம்பலாகத் திரும்ப வேண்டும்; பெட்டியில் கசிவில்லை என்பதற்கு அதுவே சான்று. சோம்பலாகத்தான் திரும்பிற்று.

மூடுமுன் உள்ளே பஞ்சு திணித்தது பற்றி ஒரு வார்த்தை. ஆசாரி இலவம்பஞ்சை சிபாரிசு செய்தார். அதன் இழை பறந்து டிரைவரின் காந்த இடைவெளியில் புகுந்துவிடுமென்று அஞ்சித் தலையணைக்கு அடைக்கும் பாலியெஸ்டர் பஞ்சை உபயோகித்தேன். காற்றில் ஒலியின் வேகத்தைக் கணித்த நியூட்டன், அலை நெருக்கும்போது காற்றுச் சூடாவதை விட்டுவிட்டு, வெப்பநிலை மாறாதென்று கொண்டதால், அவர் கண்ட விடை உண்மைக்குச் சுமார் நூற்றுக்குப் பதினைந்து குறைந்து நின்றது. பின்னால் லாப்லாஸ் அந்த வெப்பத்தையும் சேர்த்துக் கணக்கை நேராக்கினார். பஞ்சு திணித்த பெட்டிக்குள்ளோ, நெருங்கிய காற்றின் சூட்டை இழைகள் வாங்கிக்கொள்வதால், நியூட்டனின் கணக்கு ஓரளவு மெய்யாகிறது. காற்றின் விறைப்புத் தளர்ந்து பெட்டி தன் அளவைவிடச் சற்றுப் பெரிதாக நடந்துகொள்கிறது. அந்த மகானின் தவறுக்கு வசிக்க ஓர் இடம் என் கூடத்தின் மூலையில் கிடைத்திருப்பதில் எனக்கு அந்தரங்கமான ஒரு சந்தோஷம்.

ஆவணி 23, சனி

ஆம்ப்ளிஃபயரை இணைத்தேன். பாட்டில்லாதபோதும் ‘ஹ்ம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸ் முனகல். டெலிவிஷனுக்கு வரும் கேபிளைக் கழற்றியதும் நின்றது. கேபிளின் பூமித்தொடர்பும் சுவர்ப் பிளக்கின் பூமித்தொடர்பும் வளையமாகிவிடுவதுதான் காரணம். கேபிளுக்கு நடுவே தனிமைப்படுத்தும் சிறு கருவி ஒன்றைச் சேர்த்தாயிற்று. இதற்காகப் பிளக்கின் பூமி முனையைப் பிடுங்கிவிடுவோர் உண்டு. உயிரோடு விளையாடும் வேலை அது.

ஆவணி 24, ஞாயிறு

80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எத்திசையிலிருந்து வருகிறதென்று காது பெரும்பாலும் அறியாதாகையால், பெட்டியை எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம் என்பார்கள். எங்கு வைத்தாலும் திசை தெரியாது என்பது மெய். எங்கு வைத்தாலும் ஒன்றுபோல் கேட்கும் என்பது பொய். வைக்குமிடமும் கேட்குமிடமும் ஒன்றுக்கொன்று மாற்றத்தக்கவை என்பதால், பெட்டியை நாம் உட்காரும் நாற்காலியில் ஏற்றிவிட்டு, நாம் சுவரோரமாகத் தவழ்ந்து, எங்கே நாதம் சமனாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைப்பது ஒரு முறை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தவழ்ந்தேன். பேத்தி இதை ஒரு விளையாட்டென்று கருதி என் முதுகில் ஏறிக்கொண்டாள். ஆராய்ச்சி அதனால் தாமதமாயிற்றே தவிரக் கெடவில்லை.

விநோதம் என்னவென்றால், எந்த மூலைக்குத் தவழ்ந்தாலும் 38 ஹெர்ட்ஸ் மட்டும் மெலிந்தே கேட்டது. டேப்பை எடுத்துக் கூடத்தை அளந்தேன்: நீளம் பதினைந்தடி. இரண்டு சுவர்களுக்கிடையே அரை அலை அடங்கும் ஸ்தானம் அந்நீளத்துக்குச் சுமார் 38 ஹெர்ட்ஸ். அந்நிலையில் சுவரோரத்தில் ஒலியழுத்தம் மிக அதிகம், நட்டநடுவில் இல்லவே இல்லை. என் நாற்காலி நட்டநடுவில் இருந்தது. நம் ஊரில் எந்த நாற்காலியும் நட்டநடுவில்தான் இருக்கும், ஏனென்றால் மின்விசிறி அங்கேதான் தொங்குகிறது! பத்தங்குலமா, பன்னிரண்டங்குலமா, எத்தனை வாட் என்றெல்லாம் கடைத்தெருவில் செய்யும் தர்க்கத்தை, கான்கிரீட் போடும்போதே மேஸ்திரி பதித்துவிட்டுப் போன ஒரு கொக்கி தீர்த்துவைத்துவிடுகிறது.

நாற்காலியைப் பின்சுவரிலிருந்து ஐந்தடிக்கு நகர்த்தினேன். பாஸ் கிடாரின் ஸ்வரங்கள் ஒவ்வொன்றாகத் தத்தம் இடத்தில் வந்து நின்றன, காற்று வரவில்லை. “பாட்டுக்காகக் காத்தை விடறதா, காத்துக்காகப் பாட்டை விடறதான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க” என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரி விசிறியடியில் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

புரட்டாசி 2, செவ்வாய்

சுவரில் மாட்டும் விசிறி ஒன்று வந்துவிட்டது. அதை மாட்டும் சமயத்தில் ஆசாரி பாக்கிக் கூலிக்கு வந்தார். ஒரு பாட்டுப் போட்டேன். “பெட்டியிலேருந்து சத்தமே வரலையே சார்” என்றார் ஏமாற்றத்தோடு. பாட்டின் நடுவில் சப்வூஃபரை மட்டும் அணைத்தேன். அவர் தலை நிமிர்ந்தது. மறுபடி போட்டேன். இந்தத் தடவை எழுந்து போய்ப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

ஒற்றைப் பெட்டிக்குப் பதிலாக முன்சுவரின் மையத்தில் ஒன்றும் பின்சுவரின் மையத்தில் ஒன்றுமாக வைத்தால், அந்த 38 ஹெர்ட்ஸ் மேடுபள்ளம் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, கூடமெங்கும் ஒலி ஏறக்குறையச் சமனாகும் என்பதை அவரிடம் பேச்சுவாக்கில் சொல்லிவைத்தேன். எட்டுக்கு நாலு பலகையில் பாதிக்கு மேல் பால்கனியில் சாய்த்திருப்பதை அவர் வந்தவுடனேயே கவனித்திருக்கிறார். இன்னொரு பெட்டிக்கு அது தாராளமாகப் போதும் என்றும், வரும் ஞாயிறு தமக்கு வேலையில்லை என்றும், சமையலறையில் கேட்கும்படியாகவே சொன்னார்.