கடலுக்கும் பேறுகாலம் உண்டு

எங்கள் காங்கேயம் காளைக்குப் பேர் போன ஊர். கடலுக்கும் எங்களுக்கும் வெகு தூரம். பி.ஏ.பி. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் போதும், என் மூத்தவன் மண்புழுவும் தூண்டிலுமாய்க் கிளம்பிவிடுவான். இரண்டு ஜிலேபி மீனோடு திரும்பி வந்து, "அம்மா, ராமேசுவரம் போலாம்மா. கடல் மீன் புடிக்கோணும், போட்டுல மீன் வந்து எறங்கறதையும் பாக்கோணும்" என்று ஒரு வருஷமாக ஒரே நச்சரிப்பு.

"மே மாச லீவுக்குப் போலாம் கண்ணு" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். தையல் கூலியில் மாதாமாதம் கொஞ்சம் எடுத்து வைத்தேன். வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் லீவு சொல்லி வைத்தார். தாராபுரம், திண்டுக்கல், மதுரை, ராமநாதபுரம், பாம்பன் என்று வழியெல்லாம் எழுதியாயிற்று.

எங்கள் சந்தையில் கருவாடு விற்கும் அம்மா பாம்பன் பக்கத்துக்காரர். ஆசையாக அவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"மே மாசமா? அப்பத் தடைக்காலம்ல! போட்டெல்லாம் கரையிலதான் கெடக்கும். வந்து என்னத்தப் பார்ப்பீக?"

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலம் அது. முன்பு 45 நாட்களாக இருந்ததை 2017-ல் 61 ஆக்கினார்கள். கரையில் நின்று தூண்டில் போடலாம்தான். ஆனால் மீனோடு வரும் விசைப்படகைப் பார்க்க முடியாதே!

பையன் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. என் நாத்தனார் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். "அத்தையைப் பாரு கண்ணு. இப்ப அவளைத் தண்ணிக் குடம் தூக்கச் சொல்லுவமா? மீனுக்கும் இது பேறுகாலம்" என்றேன். சற்று யோசித்தவன், "அப்ப அந்தக் கருவாட்டம்மா ரெண்டு மாசம் சோத்துக்கு என்னம்மா பண்ணுவாங்க?" என்று கேட்டான்.

எனக்குத் தோன்றவேயில்லை பாருங்கள்! அடுத்த சந்தையில் அவரிடமே கேட்டேன். "அரசாங்கத்துல நிவாரணம் தருவாக. பத்தாது தாயி. தோட்ட அடகு வச்சுத்தான் ஓட்டுவோம். தடை முடிஞ்சதும் மீட்போம்" என்றார். நமக்கு லீவு என்றால் அவர்களுக்குக் கூலியில்லாத நாட்கள். அன்று பேரம் பேசாமல் கருவாடு வாங்கி வந்தேன்.

இப்போது பயணத்தைக் காலாண்டு லீவுக்குத் தள்ளிவிட்டோம். அங்கே விசைப்படகுகள் வாரத்தில் சில நாட்கள்தான் கடலுக்குப் போகுமாம். அந்த அம்மாவைக் கேட்டு, அதற்கேற்ப நாள் குறிக்க வேண்டும்.

குழந்தைகளோடு போகிறவர்கள் பருத்திச் சட்டை, தொப்பி, குடிதண்ணீர் மறக்காதீர்கள். தூண்டில் முள் குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவி, டாக்டரிடம் காட்டி, தேவையானால் டி.டி. ஊசி போட்டுவிடுங்கள். கெளுத்தி மாட்டினால் அதன் முள்ளில் கை வைக்க விடாதீர்கள். பேத்தை மீன் விஷம், சமைக்கவே கூடாது. தெரியாத மீனென்றால் மீனவரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

மகன் காலண்டரில் நாட்களை அடித்துக்கொண்டு வருகிறான். ஒன்று சொல்லட்டுமா? இத்தனை வயதாகியும் நான் கடலைப் பார்த்ததேயில்லை. அவன் தூங்கிய பிறகு நானும் அந்தக் காலண்டரைப் பார்க்கிறேன்.