முடியும் நேரம்

அமெரிக்காவில் குழந்தைகளின் பிறந்தநாள் அழைப்பில் தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரமும் போட்டிருக்கும். 2 மணி முதல் 4 மணி வரை. நாலடிக்கும் முன்பே பெற்றோர்கள் கார்ச் சாவியோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். நம்மவர் நடத்தும் விழாவுக்கு 6 மணி என்றால் ஏழரை என்று எல்லோருக்கும் தெரியும். அதே நம்மவர்கள், பிள்ளையின் அமெரிக்க நண்பன் வீட்டுக்கு என்றால் சீக்கிரமே போய்த் தெருமுனையில் காருக்குள் காத்திருப்பார்கள். நானும் காத்திருந்திருக்கிறேன்.

அமெரிக்கர்கள் எப்போதும் பறக்கிறார்கள் என்பது பொதுவான பேச்சு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேகத்தைவிட, நேரத்தை நறுக்கி வைப்பதில்தான் அவர்கள் கெட்டி. அங்கே வக்கீல்கள் பலர் ஒரு மணியைப் பத்தாக வகுத்து, ஆறாறு நிமிடமாகக் கட்டணம் எழுதுகிறார்கள். உணவகத்தில் கடைசி வாய் உள்ளே போவதற்குள் பில்லை வைத்துவிட்டு, "அவசரமில்லை, மெதுவாகப் பாருங்கள்" என்று பரிமாறும் பெண் சிரிப்பார். சிரிப்பு பொய்யில்லை. ஆனால் டிப்ஸை நம்பிப் பிழைக்கும் அவருக்கு அந்த மேசையில் அடுத்தவர் உட்கார்ந்தால்தான் காசு.

இதெல்லாம் அவர்கள் ரத்தத்தில் ஊறியது என்றும் சொல்ல முடியாது. 1883 வரை அங்கே ஊருக்கு ஊர் உச்சிப்பொழுதே வேறு. ஐம்பதுக்கும் மேற்பட்ட நேரக் கணக்குகளை வைத்து ரயில் ஓட்டிச் சலித்த கம்பெனிகள், அந்த ஆண்டு நவம்பர் 18 அன்று, அரசின் சட்டத்துக்குக் காத்திராமல் நாட்டை 4 மண்டலங்களாகப் பிரித்துக் கடிகாரத்தைத் திருத்தின. பல ஊர்களில் அன்று இரண்டு முறை மணி பன்னிரண்டு ஆனது. டெட்ராய்ட் போன்ற ஊர்கள் நெடுநாள் முறுக்கிக்கொண்டு நின்றன. நாடாளுமன்றம் இதைச் சட்டமாக்கியது 1918இல்தான். அதுவரை சூரியனைத் தள்ளிவைத்தது ரயில்காரர்களின் அட்டவணைதான்!

நறுக்குவதில் ஒரு நன்மையும் உண்டு. பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வு பெற்றவர், என்னோடு காபி குடிக்க "வியாழன் பத்தரை" என்று நாட்குறிப்பில் எழுதிக்கொள்வார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த ஒரு மணி நேரம் போனைத் தொடமாட்டார். நான் போனமுறை பாதியில் விட்ட கதையை நினைவு வைத்துக் கேட்பார். சொல்லாமல் வந்து, டிவியைப் பார்த்துக்கொண்டே நலம் விசாரிக்கும் உறவுக்காரர்களிடம் எனக்கு இது கிடைத்ததில்லை.

பெரியவருக்கு அது முடிகிறது, நாட்குறிப்பு அவர் கையில் இருப்பதால். வேலைக்குப் போகும் எல்லோருக்கும் அப்படி இல்லை. ஊதியத்தோடு விடுப்பு தந்தாக வேண்டும் என்று தனியார் முதலாளிகளைக் கட்டாயப்படுத்தும் மத்திய சட்டம் அந்த நாட்டில் இல்லை. கடைகளில் மணிக்கணக்குக் கூலிக்கு நிற்கும் பலருக்கு, அடுத்த வாரம் எந்த நாள், எத்தனை மணிக்கு வேலை என்பதே கடைசி நேரத்தில்தான் தெரியவரும். ஓரிகன் மாநிலம் 2017இல் இதற்கென்று ஒரு சட்டம் போட்டது. பெரும்பாலான மாநிலங்களில் அதுவும் கிடையாது. அப்படி வேலை பார்க்கும் ஒருவரைக் காபிக்குக் கூப்பிட்டால், "ஷிப்ட் போடட்டும், சொல்கிறேன்" என்பார்.