ரேஸ் இறங்காத வண்டி

ஜனவரி 5, 2025, ஞாயிறு

நேற்று இரவு யார்டிலிருந்து திரும்பும்போது மணலி சாலையில் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. ஐந்தாவது கியர். பின்சக்கரம் இறுகி வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. இடதுகை விரல்கள் எப்போதும் கிளட்ச் மேலேயே இருக்க வேண்டும் என்று மாமா படித்துப் படித்துச் சொன்னது காப்பாற்றியது. பின்னால் டிரெய்லர் வரவில்லை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் வரை தள்ளிக்கொண்டு வந்து, சரக்கு ரயில் போய் முடியும்வரை நின்றேன். எஞ்சின் ஃபின்களிலிருந்து டிக் டிக்கென்று சூடு அடங்கும் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

மாமாவின் ராஜ்தூத் 350. யமஹா ஆர்டி 350-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் இந்தியாவில் தயாரித்து விற்ற வண்டி. 347 சிசி, இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். முதலில் வந்த ‘ஹை டார்க்’ வகைக்கு 30.5 குதிரைத்திறன். அதன் பிறகு வந்த ‘லோ டார்க்’குக்கு 27. எங்களுடையது ஹை டார்க். ஜப்பானியர் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் வைத்திருந்தார்கள். இங்கே வந்தது டிரம். அவ்வளவு வேகத்தைக் கொடுத்துவிட்டு நிறுத்தும் பொருளில் சிக்கனம் பார்த்தது தவறு என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். ‘ரேபிட் டெத்’ என்று இதற்கு ஊர் வைத்த பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை.

ஜனவரி 6

மெக்கானிக் அண்ணன் ஹெட்டையும் பிளாக்கையும் கழற்றினார். பட்டறை கால்வாய் ஓரம், எண்ணெய் கிடங்குக்குப் பின்னால். இடது சிலிண்டரில் சைலன்சர் பக்கம் பிஸ்டன் முழுக்கக் கீறல், ரிங் ஒட்டிப்போயிருந்தது. வலதில் ஒன்றுமில்லை. இடது பிளக் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. வலது பிளக் காபித்தூள் நிறம்.

“ரெண்டு மாசமா எப்டி ஓடிச்சு?” என்றார்.

சொன்னேன். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ரேஸ் உடனே இறங்காது. சிக்னலில் ஊளையிட்டுக்கொண்டே நிற்கும். கேபிள் பிடிக்கிறது என்று புதுக் கேபிள் போட்டேன். அப்படியும் போகவில்லை. ஐட்லிங் ஸ்குரூவை இறக்கி வைத்தேன்.

“பிஸ்டன் ஏன் புடிச்சுச்சுன்னு கேக்காம பிஸ்டன மாத்துனேன்னா, புச்சும் புடிக்கும் தம்பி.”

நான் காலையிலேயே புதுப்பேட்டைக்கு போன் போட்டு பிஸ்டன் விலை விசாரித்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

இன்று பார்த்ததை எழுதிவைக்க வேண்டும், மறந்துவிடக் கூடாது.

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ் வெறும் கூடு அல்ல, அதுவே ஒரு பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது கார்புரேட்டரிலிருந்து கலவையை உள்ளே இழுக்கிறது. கீழே வரும்போது அதை அழுத்தி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. எங்காவது காற்று கசிந்தால் கலவையில் பெட்ரோல் விகிதம் குறையும். டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு கலந்தே உள்ளே போவதால், வறண்ட கலவையில் சூடு ஏறும், பிஸ்டன் விரியும், பிடிக்கும். கசிவு எங்கே என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அண்ணன் பிளாக்கையும் ஹெட்டையும் தற்காலிகமாகத் திரும்ப மாட்டினார். இரண்டு சைலன்சர் வாயையும் ரப்பர் வைத்து அடைத்தார். ஒரு கார்புரேட்டர் வாயையும் அடைத்துவிட்டு, மற்றதில் பழைய பி.பி. பார்க்கும் கருவியின் பம்பை மாட்டினார். இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் சோதிக்க வேண்டும். நடுவில் உள்ள லேபிரிந்த் சீல் முழுக்க அடைக்காது, கொஞ்சம் விடும். முள் 300-க்கு ஏறியது. அது ஏறக்குறைய 6 பி.எஸ்.ஐ. ஆறு நிமிடம் அந்த அழுத்தம் நிற்க வேண்டும். எங்களுடையது அரை நிமிடம்கூட நிற்கவில்லை. சோப்புத் தண்ணீரைத் தடவிக்கொண்டே போனார். பிளாக் அடி பேக்கிங்கில் ஒன்றுமில்லை, ரீட் வால்வு பக்கம் ஒன்றுமில்லை. ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், இடது கிராங்க் ஆயில் சீலைச் சுற்றி நுரை பொங்கியது.

வலது சீல் போயிருந்தால் கியர்பாக்ஸ் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை கக்கியிருக்கும், கண்ணில் பட்டிருக்கும். இடது சீல் காற்றைத்தான் உறிஞ்சும், புகை வராது. ரேஸ் இறங்காததுதான் அதன் ஒரே முறையீடு. நான் அதைக் கேபிள் கோளாறு என்று எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 13, போகி

தெருவெல்லாம் புகை. எஞ்சினைப் பிரித்தோம்.

இடது கோடி பேரிங்கில் துரு குழி குழியாக. பார்த்ததும் தெரிந்துவிட்டது. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் டேங்க் வரை தண்ணீர் நின்றது. வடிந்தபின் பிளக்கைக் கழற்றி, டீசல் ஊற்றிக் குலுக்கி, கிக்கர் உதைத்து ஓட்டினேன். ஓடியதும் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். பேரிங்கில் தங்கிய உப்புத் தண்ணீர் ஒரு வருடமாகத் தன் வேலையைச் செய்திருக்கிறது. பேரிங் ஆட, தண்டு ஆட, முன்பே இறுகியிருந்த சீலின் உதடு தேய்ந்திருக்கிறது.

ஜனவரி 19, ஞாயிறு

புதுப்பேட்டையில் மூன்று கடை. உற்பத்தி நின்று முப்பது வருடத்துக்கு மேல் ஆன வண்டிக்கு ‘புதிது’ என்றால் என்ன அர்த்தம்? பெட்டி பிரிக்காத பழைய ஒரிஜினல் சீல் ஒன்றைக் கடைக்காரர் பத்திரமாக எடுத்துக் காட்டினார். ஆசையாக இருந்தது. வாங்கவில்லை. ரப்பர் பெட்டிக்குள் இருந்தாலும் வயதாகும். அண்மையில் செய்த சீல், அதுவும் இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ரப்பரில் செய்தது, அதுதான் வேண்டும் என்று அண்ணன் எழுதிக்கொடுத்திருந்தார். பிஸ்டனுக்கு நேர்மாறு: உலோகம் பழையதானாலும் கெடாது, ஒரிஜினல் கிடைத்தால் விடாதே என்றார். 0.50 ஓவர்சைஸில் ஒரு ஜோடி கிடைத்தது.

பிப்ரவரி 2, ஞாயிறு

தண்டையார்பேட்டை லேத்தில் போர் அடித்து வாங்கினோம். அந்தப் பெரியவர் பிளாக்குக்கு முன் பிஸ்டனைத்தான் கையில் எடுத்து மைக்ரோமீட்டர் வைத்தார். அளவு பிஸ்டனுக்குத் தக்கபடி. இடைவெளி ஒன்றரை தவ், 0.04 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு, தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பாதி. 1950களில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு ஆலை வந்ததிலிருந்து இந்தப் பக்கத்து லேத்துகளில் இந்தக் கணக்கு புழங்குகிறது. போர் அடித்த பின் ஒவ்வொரு போர்ட்டின் ஓரத்தையும் கையால் மழுக்கினார். கூர்மையாக விட்டால் ரிங் அதில் மாட்டி உடையும். அரை நாள் ஆனது. அதற்கு அவர் தனியாகக் காசு கேட்கவில்லை, நானாகக் கொடுத்தேன்.

கிராங்க்கை வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜில் சுற்றிப் பார்த்தோம். நேராக இருந்தது. நடு பேரிங்குகள் இரண்டும் சத்தமில்லாமல் சுழன்றதால் கிராங்க்கைப் பிரஸ்ஸில் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. கோடி பேரிங்குகள் மட்டும் புதிது.

பிப்ரவரி 9, ஞாயிறு

மாட்டியாயிற்று. மறுபடி அதே பி.பி. பம்ப். முள் 300. நான் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அண்ணன் டீ குடிக்கப் போய்விட்டார். ஆறு நிமிடம் கழித்து வந்தார். முள் நகரவில்லை.

ஆயில் பம்ப் குழாயில் காற்று எடுத்து, முதல் டேங்க் பெட்ரோலில் கூடுதலாகக் கொஞ்சம் ஆயிலும் கலந்து, இரண்டாவது உதையில் கிளம்பியது. ரேஸைக் கொடுத்து விட்டேன். டக்கென்று இறங்கி நின்றது.

பிப்ரவரி 16, ஞாயிறு

விடிகாலை, லாரிகள் இறங்கும் முன், எண்ணூர் வரை. 4,000 சுற்றைத் தாண்டவில்லை. 800 கிலோமீட்டர் வரை தாண்டக் கூடாது என்று உத்தரவு. மாமா வாலிப வயதில் சோழவரத்தில் ரேஸ் பார்க்கப் போன கதையெல்லாம் நினைவுக்கு வந்தது. உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் அது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் டிராக் வருமுன் சென்னையின் பந்தயமெல்லாம் அங்கேதான். கை தானாக முறுக்கப் பார்த்தது. அடக்கிக்கொண்டேன்.

கடலோரம் நிறுத்திப் பிளக்குகளைக் கழற்றினேன். வலது காபித்தூள். இடது இன்னும் ஒரு சாயல் வெளுப்பு. எத்தனாலுக்கு மெயின் ஜெட்டை ஒரு எண் ஏற்றிப் பார்க்க வேண்டும். அண்ணனிடம் நாளைக்குச் சொல்ல வேண்டும், இரண்டு மாதம் கழித்து அல்ல.