கடைமடைக்கு வந்த எழுத்து

மேட்டூர் அணையைக் குறுவைச் சாகுபடிக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. திறந்த நீர் முக்கொம்பைக் கடந்து, கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து, கிளையாறுகளிலும் வாய்க்கால்களிலும் இறங்கிக் கடைமடை வயலைத் தொடுவதற்குள் நாள்கள் பல கழிந்துவிடும். தலைமடைக்காரர் நாற்று விட்ட பிறகும் கடைமடைக்காரர் வாய்க்காலை எட்டிப் பார்த்தபடியே இருப்பார். கணினியில் தமிழ் எழுதுவோரின் நிலையும் இத்தகையதே என்பது என் இருபதாண்டு அனுபவம். கட்டற்ற மென்பொருள் ஒன்றின் புதிய பதிப்பு எங்கோ வெளியாகிறது. அதன் பயன் நம் எழுத்தை வந்தடைய வேண்டுமெனில் இடையில் உள்ள மதகுகள் அனைத்தும் திறந்திருக்க வேண்டும். ஒரேயோர் எழுத்து எங்கள் துறைக்கு வந்து சேர்ந்த வழியைக் கொண்டு இதை விளக்க முற்படுகிறேன். அது நெல்லைக் குறிக்கும் எழுத்து.

பழைய கணக்கேடுகளில் ‘நெல்’ என்று முழுதாக எழுதமாட்டார்கள். அதற்கெனத் தனிக் குறி உண்டு. ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு போன்ற அளவைகளுக்கும், முந்திரி, காணி, மா முதலிய பின்னங்களுக்கும், வேலி, குழி என்னும் நில அளவுகளுக்கும் அவ்வாறே. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்ற வாய்பாட்டை எங்கள் பாட்டனார் தலைமுறை உறக்கத்திலும் ஒப்பிக்கும். கணக்குப்பிள்ளைகளுக்கோ அவ்வாய்பாடு குறிகளாகவே விரலில் ஓடியது.

எங்கள் துறையின் முதுகலை மாணவி ஒருவர் தம் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டவை இத்தகைய ஏடுகளே. வெண்ணாற்றுக் கடைமடையைச் சேர்ந்தவர். அவருடைய முப்பாட்டனார் எழுதி வைத்த நெற்கணக்கு நோட்டுகள் வீட்டுப் பரணில் இருந்தன. அவற்றைப் படிக்கக் கற்றுக்கொண்ட பின்னர், தட்டச்சு செய்வது எவ்வாறு என்ற சிக்கல் எழுந்தது. குறிகளைப் படமெடுத்து இடையிடையே ஒட்டிவிடலாம் என்று பலரும் எளிய வழி கூறினர். “படமாக ஒட்டினால் அது எழுத்தாகாதே, ஐயா. தேடினால் கிடைக்காதே” என்றார் அவர். அந்த விடையில் ஓர் ஆராய்ச்சியாளரின் பிடிவாதம் இருந்தது.

இச்சிக்கலின் அருமையை உணர, சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். நான் மாணவனாக இருந்த காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் தனித்தனிக் குறியேற்றத்தைக் கொண்டிருந்தது. ஓர் அச்சகத்தில் அடித்த கட்டுரை மற்றோர் அச்சகத்தில் திறந்தால் புரியாத குறிகளாகச் சிதறும். ‘கொ’ என்பதை ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாக, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடித்தோம். ஒருங்குறியில் ககர மெய்யும் ஒகரமும் கூடிய ஒலியின் வரிசையே சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னும் காலைப் பின்னும் இட்டுக் காட்டுவது மென்பொருளின் பொறுப்பு. ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991-இலேயே தமிழுக்கு இடம் தந்துவிட்டது. எனினும் மேசைக்கணினி மென்பொருள்கள் அப்பொறுப்பை ஒழுங்காக ஏற்கப் பல்லாண்டுகள் ஆயின. 2005 ஏப்ரலில் மத்திய அரசு தமிழ் மென்பொருள் குறுந்தகட்டை இலவசமாக வெளியிட்டது. ஓப்பன் ஆபீசின் தமிழ் வடிவமும், பயர்பாக்ஸ் உலாவியின் தமிழ் வடிவமும் அதில் இருந்தன. ‘கோப்பு’, ‘தொகு’ என்ற பட்டியல்களைத் திரையில் முதன்முறை கண்டபோது அடைந்த மகிழ்ச்சி இன்றும் நினைவில் உள்ளது. 2010 ஜூனில் தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்றது.

அதே 2010 செப்டம்பரில் ஓப்பன் ஆபீசிலிருந்து லிப்ரே ஆபீஸ் கிளை பிரிந்தது. மூலநிரல் திறந்திருப்பதால் இவ்வாறு பிரிய இயல்கிறது. பிரிந்த கிளை தன் போக்கில் பாய்கிறது. 2017 பிப்ரவரியில் வந்த அதன் 5.3 பதிப்பு, விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் எழுத்துகளைக் கோக்கும் பணியை ஹார்ப்பஸ் என்னும் ஒரே பொறியிடம் ஒப்படைத்தது. பாரசீகச் சொற்களிலிருந்து பிறந்த அப்பெயருக்குத் ‘திறந்த எழுத்து’ என்பது பொருளாம். பயனர் கண்ணுக்குப் புதிய பொத்தான் எதுவும் தென்படவில்லை. ஆயினும் கொம்பும் காலும் எந்தக் கணினியிலும் ஒரே முறையில் கோக்கப்படுவதற்கு வழி பிறந்தது. நம் போன்றோருக்குப் பெரிய மேம்பாடுகள் பெரும்பாலும் இவ்வாறு ஓசையின்றியே வருகின்றன.

நெற்குறிக்கு வருவோம். 2019 மார்ச்சில் வெளியான ஒருங்குறியின் 12.0 பதிப்பில், பழந்தமிழ்ப் பின்னங்களும் அளவைக் குறிகளுமாக 51 வரியுருக்கள் தனித் தொகுதியாகச் சேர்க்கப்பட்டன. நெல், செவிடு, ஆழாக்கு, குறுணி, வேலி, நன்செய் எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஒருங்குறி தருவது எண் மட்டுமே. அவ்வெண்ணுக்கு உருவம் தர எழுத்துரு வேண்டும். அந்த எழுத்துருவைப் பயன்படுத்தும் அளவுக்குச் சொற்செயலியும் இயங்குதளமும் புதிதாக இருக்க வேண்டும். போதாக்குறைக்கு இக்குறிகள் முதல் 65,536 இடங்களுக்கு அப்பால் இருக்கின்றன. பழைய நிரல்கள் சில அவற்றை இரண்டு எழுத்துகளாக எண்ணிக் குழம்பும்.

எங்கள் துறைக் கணினியில் நெற்குறி வெறும் பெட்டியாகத் தெரிந்தது. நோட்டோ வரிசையில் இத்தொகுதிக்கென்றே கட்டற்ற எழுத்துரு ஒன்று இருப்பதைக் கண்டு நிறுவினோம். பழைய சொற்செயலியை நீக்கிப் புதிய பதிப்பை இட்டோம். விசைப்பலகையில் அக்குறிக்கு விசை இல்லையாதலால், மாணவி தானியங்கித் திருத்தப் பட்டியலில் ஒரு சுருக்கச் சொல்லைச் சேர்த்துக்கொண்டார். அச்சொல்லை அடித்தால் நெற்குறி வந்து நின்றது.

அதன்பின் நேர்ந்ததையும் கூறவேண்டும். ஆய்வேட்டை ஒப்படைக்கச் சில நாள்களே இருந்தபோது அச்சொற்செயலி தானாக ஒரு புதுப்பிப்பை ஏற்றது. வரிகளுக்கு இடையிலான இடைவெளி கூடி, 86 பக்க ஆய்வேடு 91 பக்கமாகிவிட்டது. அட்டவணைகள் பக்கம் தாண்டி உடைந்தன. மாணவி அழுதுவிட்டார். எழுத்துருவில் குறித்துள்ள உயர அளவுகளைப் புதிய பதிப்பு வேறு விதமாகக் கொள்கிறது என்பது பின்னர் தெரிந்தது. இடைவெளியை நாங்களே எண்ணிட்டு நிலைப்படுத்தி, அட்டவணைகளைச் சீர்செய்து, எழுத்துருவை உட்பொதித்த பி.டி.எஃப். கோப்பாக ஆய்வேட்டை ஒப்படைத்தோம்.

பிழைக்குத் தமிழ்க் கணிமையாளர்கள் ‘வழு’ என்ற சொல்லைத் தேர்ந்தது எனக்கு மிகவும் உவப்பானது. இலக்கணத்தில் வழு உண்டு, வழாநிலை உண்டு, காரணம் பற்றி ஏற்கப்படும் வழுவமைதியும் உண்டு. மென்பொருள் வழுவையோ எவரேனும் எடுத்துரைத்தால்தான் அது வழுவென்றே அறியப்படும். அறிவிக்காத வழு வழுவமைதியாகவே நிலைத்துவிடும். மாணவி இரண்டே வரிகள் கொண்ட மாதிரிக் கோப்பு ஒன்றை உருவாக்கி, எந்தப் பதிப்பில் எவ்வாறு தெரிந்தது, எதில் மாறியது என ஆங்கிலத்தில் அறிக்கை அனுப்பினார். சில நாள்களில் எங்கோ இருந்த ஒருவர், எழுத்துருவின் பதிப்பெண் என்ன என்று கேட்டு எழுதினார். வழு உடனே தீர்ந்துவிடவில்லை. எனினும் நம் ஊர் நெற்குறி அவர் திரையிலும் ஒருமுறை தோன்றியிருக்கிறது.

இவ்வளவு அலைச்சலின் பயன் யாது? குறிகள் எழுத்துகளாக இருந்ததால், நெற்குறி வரும் கூலி வரிகளையும் காசுக்குறி வரும் கூலி வரிகளையும் தனித்தனியே தேடித் தொகுக்க முடிந்தது. அறுவடைக் கூலி நெல்லாகவும், கோடையில் வாய்க்கால் வெட்டிய கூலி காசாகவும் அளிக்கப்பட்டதை அம்மாணவி ஆண்டுவாரியாகக் காட்டினார். வேறெங்கும் பதிவாகாத உழைப்பாளிகளின் பெயர்கள் அவ்வரிகளில் இருந்தன. படமாக ஒட்டியிருந்தால் அவை பரணில் இருந்தது போலவே கோப்பிலும் உறங்கியிருக்கும்.

டெல்டாவில் குடிமராமத்து என்றொரு முறை இருந்தது. நீர் வருமுன் ஊரார் கூடி வாய்க்காலைத் தூர்வாருவர். 2017-இல் தமிழக அரசு அப்பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கட்டற்ற மென்பொருளின் புதுப்பிப்புகளும் ஒருவகைக் குடிமராமத்தே. யார் வெட்டினார், யார் வயலில் முதலில் நீர் பாய்ந்தது என்ற கசப்பான கேள்வி அங்குப் போலவே இங்கும் உண்டு. ஊதியமின்றி உழைக்கும் தன்னார்வலர்களின் களைப்பும் உண்டு. ஆயினும் கடைமடைக்காரர் வராத மராமத்தில் கடைமடை வாய்க்கால் தூர்ந்தேதான் கிடக்கும். நிரல் எழுதத் தெரியாத தமிழாசிரியரும் உடைப்பு எங்கே இருக்கிறது என்று கரையில் நின்று சுட்டிக்காட்டலாம். அதற்குத் தேவை இரண்டு வரி மாதிரிக் கோப்பும் சற்றுப் பொறுமையும்தான். இவ்வாண்டு முதல் என் வகுப்பில் ஆய்வேடு எழுதுவோர் அனைவருக்கும், தாம் கண்ட வழு ஒன்றையேனும் உரிய இடத்தில் அறிவிக்கும் கடமையையும் சேர்த்தே தந்திருக்கிறேன்.