கட்டை பறித்த தூண்டில்

கொட்டியாரக் குடாவில் வந்து சிக்கிக்கொள்வது புதுமையன்று. 1659ஆம் ஆண்டு புயலிற் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், மரத்தை மாற்றிக்கொண்டு போய்விடலாம் என்ற எண்ணத்துடன் இக்குடாவினுள் நுழைந்தது. அதில் வந்த றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞர் 1660இற் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் அகப்பட்டு, 1679இலேயே தப்பி வெளியேறினார். அவருடைய சிக்கல் பத்தொன்பது ஆண்டு நீடித்தது. என்னுடையது மூன்று வாரம். அவர் தமது அநுபவத்தைக் கொண்டு உலகறிந்த நூலொன்று எழுதினார். நான் இச்சிறு கட்டுரையோடு அமைகின்றேன்.

கல்லூரியிற் கற்றது பிற்காலத்தில் எவ்வாறு உதவிற்று என்பது குறித்து எழுதுமாறு மலர்க் குழுவினர் கேட்டிருந்தனர். நண்பர்கள் பலர் நிருவாகம், மருத்துவம், சட்டம் ஆகிய துறைகளைப் பற்றி எழுதுவர். எனக்கோ கல்லூரிப் பாடமொன்று முழுமையாக விளங்கியது அறுபது வயதுக்குப் பின்னர், கையிலே தூண்டிற் கோலுடன் கண்டற் கரையொன்றில் நின்றபோதாகும்.

ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்று நான் தோப்பூரில் அமைதியாக இருந்துவருகையில், கனடாவிலுள்ள என் மகன் தூண்டிற் கோலொன்றையும், நூல் சுற்றும் றீலொன்றையும், ஒரு பெட்டியிற் பன்னிரண்டு போலி இரைகளையும் அனுப்பிவைத்தான். போலி இரை என்பது சிறு மீனின் வடிவாகச் செய்து வர்ணம் பூசப்பட்ட ஒரு பொருள். முகத்திலே சிறு தகடொன்று இருக்கும். இழுக்கும்போது அத்தகடு நீரை வெட்ட, மீன்போல நெளிந்து தாழ்ந்து செல்லும். வயிற்றிலும் வாலிலும் மூன்று முனையுள்ள முள் ஒவ்வொன்று தொங்கும். இளமையில் தங்கூசி நூலும் இறாற் குஞ்சுமாக மீன் பிடித்த எனக்கு அவற்றின் அழகு மிகுந்த மயக்கத்தைத் தந்தது.

கட்டைபறிச்சான் பக்கத்துக் கழியிலே முதல் நாள் முதல் எறியிலேயே கோல் வளைந்தது. பெரியதொரு கொடுவா அகப்பட்டதென்று மகிழ்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். கொடுவா அசையவில்லை, நூல்தான் அறுந்தது. மறுநாளும் அவ்வாறே. மூன்று வாரத்திற்குள் பன்னிரண்டில் ஒன்பது போய்விட்டன. ஒவ்வொன்றும் இரண்டாயிரம் ரூபாவுக்குக் குறையாதது என்று மகன் தொலைபேசியிற் கூறியபோது, மீன்கடைக்குப் போயிருந்தால் மாதம் முழுவதும் அறுக்குளா உண்டிருக்கலாமே என்று என் மனைவி கணக்குப் பார்த்தாள். ஊர்ப்பெயரின் வரலாறு எதுவாயினும், என்னளவிற் கட்டைதான் பறித்தது.

கோலையும் நூலையும் மகனையும் மாறிமாறிக் குறைகூறினேன். கழியைப் பற்றி நான் சிந்திக்கவேயில்லை.

நான்காவது வாரத்தில் ஒரு காலைப்பொழுது, அக்கழியில் வீச்சுவலை வீசிப் பிழைக்கும் முதியவர் ஒருவர் என்னை நோக்கி வந்தார். தோப்பூரைச் சேர்ந்தவர், நான் அவரைக் காக்கா என்றே அழைப்பேன். அவருடைய வலக்கையில் வெண்துணிக் கட்டு இருந்தது. இடக்கையை நீட்டி விரித்தார். பச்சை முதுகும் வெள்ளி வயிறுமாக என் போலி இரைகளுள் ஒன்று அங்கே கிடந்தது.

"சேர், இது உங்கட சாமான்தானே?"

வலை எதிலோ மாட்டியதென்று கையை நீருக்குள் விட்டு வேரைத் தடவியிருக்கின்றார். மூன்று முனையுள் ஒன்று பெருவிரலின் அடியில் ஏறிவிட்டது. கொக்கியின் முனைக்குப் பின்னே எதிர்முள் இருப்பதால் வந்த வழியே அது திரும்பாது. ஆஸ்பத்திரியிற் சதையைக் கீறி எடுத்து, ஏற்பு ஊசியும் போட்டு அனுப்பினார்களாம். பத்து நாட்களாக வலை எடுக்கவில்லை. நாளுழைப்பிற் சீவிக்கும் குடும்பத்திற்குப் பத்து நாள் என்பது எவ்வளவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பணம் கொடுக்க முற்பட்டேன். வாங்க மறுத்துவிட்டார். கோபமும் காட்டவில்லை. "மீனுக்குப் போட்டது மனிசனுக்குப் பட்டிட்டு. அது போகட்டும். இன்னும் எத்தின கிடக்கு சேர், இதுக்குள்ள?" என்று மட்டும் கேட்டார்.

"எட்டு" என்றேன்.

"எங்கெங்க எண்டு தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் மாணாக்கரிடம் வினாக்களைத் தொடுத்த நான், அன்று அந்தக் கரையிலே விடை தெரியாத மாணவனாக நின்றேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. நமது கல்லூரியிற் பூமிசாத்திரம் கற்பித்த ஆசிரியர் ஒருநாள் திருகோணமலைத் துறைமுகத்தின் கடற்படமொன்றை வகுப்பிலே தொங்கவிட்டது நினைவுக்கு வந்தது. தரைப்பகுதி ஏறத்தாழ வெறுமையாக இருந்தது. கடற்பகுதி முழுவதும் சிற்றெண்கள் நிறைந்திருந்தன. அவை ஆழத்தைக் குறிப்பன என்றும், பக்கத்திலிருக்கும் சிற்றெழுத்துக்கள் அடிநிலம் சேறா, மணலா, பாறையா என்பதைக் குறிப்பன என்றும் விளக்கினார். அக்காலத்து மாலுமிகள் ஈயக்குண்டின் அடிப்புறக் குழியிற் கொழுப்பை அப்பிக் கயிற்றில் இறக்குவராம். கயிறு ஆழத்தைச் சொல்லும், கொழுப்பில் ஒட்டிவரும் மண் அடிநிலத்தைச் சொல்லும். நாங்கள் அதனை மனனஞ் செய்து, சோதனையில் எழுதி, மறந்துபோனோம்.

மறுநாட் காலையிற் கோலை வீட்டிலே விட்டுச் சென்றேன். ஈயக்குண்டொன்றின் அடியைக் குடைந்து சவர்க்காரத்தை அப்பி, முழத்திற்கொரு முடிச்சிட்ட கயிற்றிற் கட்டிக்கொண்டேன். காக்கா தம் தோணியில் என்னை ஏற்றிக்கொண்டார். ஆடி, ஆவணி மாதங்களிற் கச்சான் வீசும்போது கழியில் நீர் குறைந்திருக்கும். அடிநிலத்தைப் படிக்க அதுவே ஏற்ற காலம். நான் குண்டை இறக்க இறக்க, அவர் ஒவ்வோரிடத்திற்கும் கதை சொன்னார். இது கண்டல் வேர். அது 2004 மார்கழியிற் கடல் பொங்கியபோது வந்து விழுந்த சுவர்த்துண்டு. அதோ அந்த வரிசை, மீன் மறிப்பதற்கு நட்ட கம்புகள். 2006இல் ஊர்விட்டு ஓடியபோது பிடுங்குவதற்கு ஒருவரும் நிற்கவில்லை. சவர்க்காரத்தில் ஒட்டியதையும் அவர் வாயிலிருந்து வந்ததையும் ஓர் அப்பியாசக் கொப்பியிற் குறித்துக்கொண்டேன். நீருக்கடியில் இத்துணை ஊர் வரலாறு கிடக்கின்றதென்பதை நான் அதுவரை அறிந்திலேன்.

அந்தப் படம் முடிந்தபோது என் பிழையும் தெளிவாயிற்று. கொடுவாவும் செப்பலியும் வேரோரத்திலும் கட்டையோரத்திலும் பதுங்கியிருந்தே இரை கொள்வன. ஆகவே கட்டையில்லாத இடத்தை நாடினால் மீனும் இராது. கட்டையைத் தவிர்ப்பதென்பது அதைவிட்டு ஓடுவதன்று; அது எங்கே எவ்வளவு ஆழத்திற் கிடக்கின்றதென்று அறிந்து, அதன் பக்கலாகவும் மேலாகவும் இரையை நடத்திச் செல்வதேயாகும். இளைஞர் எவரேனும் இக்கலையிற் புகுவாராயின் அவருக்குப் பயன்படுமாறு நான் கற்றவற்றைச் சுருக்கமாகக் கூறுவேன்.

முதலாவது, நின்றால் மிதந்தெழும் போலி இரையைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். அது கட்டையில் இடித்ததாகக் கை உணர்ந்தவுடன் இழுப்பதை நிறுத்தினால், தானாகவே எழுந்து தடையைக் கடக்கும். தாழும் இரையாயின், நீரிலே விழுந்தது முதல் அடியைத் தொடும்வரை எண்ணிப் பார்த்து, அடுத்த எறியில் இரண்டெண் முன்னரே சுற்றத் தொடங்குதல் வேண்டும். நூலைத் தொய்யவிடுபவனே பெரும்பாலும் பறிகொடுப்பான்.

இரண்டாவது, மும்முனை முள்ளைக் கழற்றி ஒற்றை முள்ளைப் பூட்டுதல். நூல் முள்ளினும் வலிதாயிருக்கட்டும். அப்போது இழுக்கையில் முள் நிமிர்ந்து விடுபடுமேயன்றி நூல் அறாது. காக்காவோ தம் கைத்தூண்டிலில் ஈயத்திற்குப் பதிலாகச் சிறு கல்லொன்றை மெல்லிய பருத்தி நூலினாற் கட்டுவார். மாட்டினால் அந்த நூல் அறும். கல் கல்லோடு போய்ச் சேரும். முள்ளும் மீனும் கைக்கு வரும்.

மூன்றாவது, மாட்டியபின் செய்யத்தக்கது. நான் செய்ததுபோலப் பல்லைக் கடித்து இழுத்தால் முள் மரத்தில் ஆழமாக ஏறும். முதலில் நூலைத் தளரவிடுக. பின்னர் அதனை வில்நாண்போலச் சிறிது இழுத்துச் சட்டென விடுக. அந்தத் துள்ளலிற் பல தடவை கழன்றுவிடும். இல்லையேல் எதிர்ப்புறம் நடந்துசென்று, சென்ற வழியே திரும்பி வருமாறு இழுக்க. காக்கா கனத்த இரும்பு வளையமொன்றைக் கயிற்றிற் கட்டி, மாட்டிய நூலின்மீது வழுக்கி இறக்குவார். அது போலி இரையின் மூக்கிலே தட்டிப் பின்னுக்குத் தள்ளிவிடும். கட்டாயம் அறுக்கத்தான் வேண்டுமெனின் கோலை நேரே நீட்டிப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் நடக்க. நூலைக் கையிற் சுற்றி இழுத்தல் ஆகாது, விரலை வெட்டிவிடும். அறுந்து தெறிக்கும் ஈயம் கண்ணைக் கெடுக்கவுங்கூடும். எந்த நிலையிலும் அதனை எடுப்பதற்காக நீரில் இறங்கற்க. முகத்துவாரத்து நீரோட்டமும் கண்டலோரத்து முதலையும் இரண்டாயிரம் ரூபாவைக் கணக்கிற் கொள்வதில்லை.

இவ்வளவும் எதற்காக? பணத்திற்காக மட்டுமன்று. முற்காலத்துப் பருத்தி நூல் நீரில் விரைவில் இற்றுப்போகும். 1930களிற் கண்டுபிடிக்கப்பட்ட நைலானோ அவ்வாறு இற்றுப்போவதில்லை. நம் பேரர் காலத்திலும் அது நீர்க்காகத்தின் காலையும் ஆமையின் கழுத்தையும் சுற்றிக் கொண்டிருக்கும். ஈயமும் தீங்கற்றதன்று. தூண்டிற்காரர் தவறவிட்ட சிறு ஈயக்குண்டுகளை விழுங்கி அன்னங்கள் மடிந்தமையால், பிரித்தானியாவில் 1987இல் அவற்றின் விற்பனையே தடைசெய்யப்பட்டது. நமது துறைமுகத்திலும் இதற்கொரு சான்று உண்டு. 1942 ஏப்பிரில் 9ஆந் திகதி யப்பானிய விமானங்களின் குண்டுவீச்சில் எரிந்த 'சகாயிங்' என்னும் கப்பல், 1943இல் இறங்குதுறையாகப் பயன்படுமாறு அமிழ்த்தப்பட்டது. அதனைக் கடற்படையினர் மேலே கொணர்ந்தது 2018இலேயே. நீருக்குள் விடப்பட்டது போய்விட்டதென்று நாம் எண்ணிக்கொள்கின்றோம்; அது அங்கேயே இருக்கின்றது. பெருங் கப்பலை எடுக்கக் கடற்படை உண்டு. என் எட்டு இரைகளை எடுக்க யார் உளர்?

காக்காவின் வளையத்தைக் கொண்டு, நீர் வற்றிய நாட்களில் இருவருமாக ஐந்தை மீட்டோம். எஞ்சிய மூன்று அகப்படவில்லை. அவை கிடக்கக்கூடிய இடங்களிற் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டியுள்ளோம். அப்படத்தின் பிரதியொன்றை அவர் பொலித்தீனிற் சுற்றித் தம் தோணியில் வைத்திருக்கின்றார். படத்தைப் பார்க்கும் தேவை அவருக்கில்லை. அவருடைய பேரனுக்கு உண்டு. மாரி வெள்ளம் புதிய மரங்களைக் கொணர்ந்து பழைய திட்டுக்களை அழித்துவிடுவதால், ஆண்டுதோறும் படத்தைத் திருத்துகின்றோம். சென்ற ஆண்டு நான் இழந்தது ஒன்றே. அதனையும் மறுநாளே மீட்டுவிட்டேன்.

இந்நாளிற் கல்லூரியில் இருக்கும் தம்பியருக்கு ஒரு சொல். புதிய நீர்நிலையொன்றிற்குத் தூண்டிலுடன் செல்வீராயின், முதலில் எறியாதீர். அங்கே கைவிட்டுப் பிழைப்பவர் யாரென்று விசாரித்து, அவருடன் சிறிது நேரம் இருந்து பேசுங்கள். காக்காவின் பெருவிரல் இன்னும் முழுதாக மடங்குவதில்லை. வலையை எறியுமுன் அவர் அதனை ஒருமுறை உதறிப் பார்ப்பார். அவ்வேளையில் நான் வேறுபக்கம் பார்த்துக்கொள்வேன்.