சுண்ணாம்பு வந்த வழி

கம்பத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. ஏறக்குறைய 680 லிட்டர் கொள்ளும். தண்ணீர், கண்ணாடி, கல் எல்லாம் சேர்ந்து ஒரு டன்னை நெருங்கும் என்பதால் தரைத்தளத்தில், இரும்புச் சட்டம் பற்றவைத்து அதன்மேல் ஏற்றியிருக்கிறோம். உள்ளே இருப்பது கடல்நீர். தோல் பவளம், காளான் பவளம், ஸோயாந்திட் கூட்டங்கள், பண்ணையில் பொரித்து வளர்த்த ஒரு ஜோடி கோமாளி மீன்.

இரவு விளக்கணைந்ததும் இந்தத் தொட்டிக்குள் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். பகலில் ஆவியாகிப் போன நீருக்கு ஈடாக இறங்குவது அது. கேனில் சுண்ணாம்பைக் கலக்கித் தெளிய வைத்துக்கொண்டிருந்தபோது, சின்னமனூர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே பார்த்த அப்பத்தா கேட்டார்: "ஏப்பா, இந்தத் தொட்டிக்கு நீ கரைச்சு ஊத்துற. கடலுக்கு யாரு கரைச்சு ஊத்துறா?"

பவளத்துக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 400 மில்லிகிராம் கால்சியம் கரைந்திருக்கிறது. பாறை கட்டும் பவளங்கள் அதை எடுத்துக் கல்லாக்குகின்றன. என்னிடம் இருக்கும் மென்பவளங்கள் பாறை கட்டாதவை, ஆனாலும் தோல் பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்பு முட்கள் உண்டு. கல்லின்மேல் இளஞ்சிவப்பாகப் படரும் பாசியும் நத்தைகளும் அதே சத்தைத்தான் உறிஞ்சுகின்றன. எடுத்ததைத் திருப்பித் தராவிட்டால் தொட்டி நீர் மெல்லக் கெடும். இதையெல்லாம் அப்பத்தாவிடம் சொல்லிவிடலாம். அவர் கேட்டது வேறு. கடலுக்குள் அது எப்படி வந்தது, அதைத் தொட்டிக்குள் ஊற்ற முதலில் யாருக்குத் தோன்றியது என்று அன்றிலிருந்து தேட ஆரம்பித்தேன்.

தொட்டியின் பழைய வரலாறு லண்டனில் தொடங்குகிறது. 1846இல் ஆனா தைன் என்ற பெண்மணி டார்கி கடற்கரையிலிருந்து சில கற்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். மோட்டார் கிடையாது, காற்றுக் குழாய் கிடையாது. வீட்டுப் பணிப்பெண் ஜன்னல் ஓரம் நின்று அந்தக் கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு நாள்தோறும் அரைமணி, முக்கால்மணி நேரம் மாற்றி மாற்றி ஊற்றினார். நீரில் காற்று கலந்தது, பவளம் பிழைத்தது. இன்று என் தொட்டியில் அலை எழுப்பும் பம்புகள் செய்வது அந்தப் பெயர் தெரியாத பெண்ணின் வேலையை. வரலாறு அவரையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

நம் பக்கம், சென்னை மெரினாவில் 1909இல் ஒரு மீன் காட்சியகம் திறந்தார்கள். அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் எடுத்த முயற்சி அது. பின்னால் மீன்வளத்துறையின் கைக்குப் போய், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடப்பட்டது. வீட்டுத் தொட்டியில் பவளப்பாறை என்பதைச் சாத்தியமாக்கியவர் ஜகார்த்தாவின் லீ சின் எங். கடலிலிருந்து எடுத்த உயிர்க்கல், கடல்நீர், வெளிச்சம், காற்றுக்குமிழி இவ்வளவே போதும் என்று 1961இல் அவர் எழுதினார். கல்லின் துளைகளுக்குள் வாழும் பாக்டீரியாக்கள்தான் கழிவை முறிக்கின்றன: அம்மோனியா நைட்ரைட்டாகி, நைட்ரேட்டாகும். இன்றும் புதுத்தொட்டியில் அந்தச் சுழற்சி நிலைபெற ஒரு மாதத்துக்கு மேல் பொறுத்திருக்க வேண்டும். அதற்குள் மீன் விடுகிறவர்கள் அதைக் கொல்கிறார்கள்.

சுண்ணாம்புத் தண்ணீருக்கான ஆள் பீட்டர் வில்கென்ஸ். 1973இல் ஜெர்மன் மொழியில் வந்த அவருடைய நூல் அந்த முறையைப் பரப்பியது. அவருக்குப் பின் பெர்லின் தொட்டிக்காரர்கள் உயிர்க்கல், நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர், வலுவான விளக்கு, சுண்ணாம்புத் தண்ணீர் நான்கையும் சேர்த்து ஒரு முறையாக்கினார்கள். லிட்டருக்கு ஒன்றரை கிராம் அளவுக்குச் சுண்ணாம்பு, கலக்கித் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் எடுக்க வேண்டும். அதன் காரத்தன்மை அளவு (pH) 12ஐத் தாண்டும், அதனால் சொட்டாகத்தான் விட வேண்டும். இரவில் விடுவதற்குக் காரணம், வெளிச்சமில்லாத நேரத்தில் கரியமில வாயு கூடித் தொட்டி நீரின் pH தாழ்ந்திருப்பதுதான். பெட்டிக்கடை வெற்றிலைச் சுண்ணாம்பு இதற்கு ஆகாது. கலப்படமில்லாத, உணவுத் தரத்துக் கால்சியம் ஹைட்ராக்சைடே வேண்டும்.

பாதிக் கேள்விக்கு விடை கிடைத்தது. மறுபாதிக்கு நான் தொட்டியின் தண்ணீரிலிருந்து தொடங்கினேன்.

எங்கள் ஊர்க் குழாயில் வருவது முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர். அதை ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்து, கடல் உப்புக் கலவை சேர்க்கிறேன். லிட்டருக்கு 35 கிராம் உப்பு, வெப்பம் 25, 26 டிகிரி. தூத்துக்குடி உப்பை வாங்கிக் கரைத்தால் கடல்நீர் ஆகாதா என்று வீட்டுக்கு வருகிற எல்லாரும் கேட்கிறார்கள். ஆகாது. உப்பளத்தில் நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் கீழே படிந்துவிடும், அப்புறம்தான் நாம் சாப்பிடும் உப்பு விளையும், மக்னீசியம் மிகுந்த கசப்பு நீரைக் கடைசியில் வெளியே விட்டுவிடுவார்கள். சமையலுப்பில் கடலின் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது.

ஆர்.ஓ. வடித்துத் தள்ளுகிற தாதுக்களில் நம் மலையின் சுண்ணாம்பும் உண்டு. மழைநீர் காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி விழுகிறது. வருசநாட்டு மலையிலும் மேகமலையிலும் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து அதன் கால்சியத்தை ஓடைக்குள் இறக்குகிறது. ஓடை வைகையாகிறது. பெரியாற்றுத் தண்ணீரும் சுரங்கம் வழியாக லோயர் கேம்ப்பில் இறங்கி, முல்லையாறாக ஓடி, அதில் சேர்கிறது. வைகை அணை, மதுரை, மானாமதுரை, பரமக்குடி கடந்து, இராமநாதபுரம் பெரிய கண்மாய் நிறைந்து மிஞ்சினால் ஆற்றங்கரை ஊருக்கருகே பாக் விரிகுடாவில் கலக்கும். 258 கிலோமீட்டர் நீளமுள்ள ஆறு. இப்போது கடலைத் தொடுவது அரிதான வருடங்களில்தான். உலகத்தின் எல்லா ஆறுகளும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் செய்துவரும் வேலை இது. கடலுக்குச் சுண்ணாம்பு கரைத்து ஊற்றுவது மலை. அப்பத்தாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப நம்ம மலைதான் ஊத்துதுன்னு சொல்லு" என்றார்.

நம் மலைக்கும் சுண்ணாம்புக்கும் இன்னொரு உறவும் உண்டு. 1887இல் தொடங்கி 1895இல் முடித்த முல்லைப்பெரியாறு அணையைப் பொறியாளர் பென்னிகுயிக் கட்டியது சுண்ணாம்பும் சுர்க்கி எனும் செங்கற்பொடியும் சேர்ந்த சாந்தால். மலையடிவாரத்துச் சுண்ணாம்புக்கல் கம்பிவடத்தில் மேலே ஏறியது. இந்தப் பள்ளத்தாக்கின் நெல்லும் திராட்சையும் வெற்றிலையும் அந்தச் சாந்து தாங்கிநிற்கும் தண்ணீரில் விளைகின்றன.

ஆற்றோடு சேர்ந்தே போகிற சாலையில் மண்டபம் வரை போனேன். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். நான் தேடியதில் மனத்தை அதிகம் உலுக்கியது அங்கே கிடைத்ததுதான். கடற்கரையில் ஒரு முதிய மீனவரிடம் என் தொட்டியின் சுண்ணாம்புக் கதையைச் சொன்னேன். "நீங்க சுண்ணாம்பு ஊத்திப் பவளம் வளக்குறீங்க தம்பி. நாங்க பவளத்த வெட்டிச் சுண்ணாம்பு சுட்டோம்" என்றார். சிறுவயதில் வள்ளத்தில் போய்க் கடப்பாரையால் கல் பெயர்த்தவர் அவர். அதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, வெட்கப்பட்டும் சொல்லவில்லை. அன்றைக்கு அது கூலி வேலை.

மன்னார் வளைகுடாவில் மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள். அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளைப் பல பத்தாண்டுகள் வெட்டி, சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் கட்டுமானத்துக்கும் அனுப்பினார்கள். கல்லைச் சுட்டால் கரியமில வாயு பிரிந்துபோகும், நீற்றினால் சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்பு நீர் மறுபடி கரியமில வாயுவோடு சேர்ந்தால் பவளம் எடுத்துக் கல்லாக்கும் சத்து. என் தொட்டியில் நடப்பது காளவாயில் நடந்ததன் மறுதிசை. ஆனால் ஒரு கைப்பிடிப் பவளத்தைச் சுட ஒரு இரவு போதும். வளர்க்க ஆண்டுகள் ஆகும், சில குண்டுப் பவளங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் பெருக்கும்.

பாறை போனதும் அலையைத் தடுக்க ஆளில்லை. அந்த 21இல் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. பவளம் வெட்டியதே முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 1986இல் இந்தத் தீவுகள் கடல் தேசியப் பூங்கா ஆயின. 2001இல் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன, புலி இருக்கும் அதே அட்டவணை. ஆனாலும் வெட்டு அடியோடு நின்றது 2004 சுனாமிக்குப் பிறகுதான். பாறை இருந்த கரைகள் தப்பியதைக் கண்ணால் பார்த்த மீனவர்களே பேச ஆரம்பித்தார்கள்.

தூத்துக்குடியில் இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002லிருந்து உடைந்த பவளத் துண்டுகளைச் சிமெண்ட் சட்டங்களில் கட்டிக் கடலடியில் வளர்க்கிறது. நாங்கள் வீட்டில் ஒரு துண்டை வெட்டிப் பசையால் ஒட்டி வளர்ப்பதும் அதே கைவேலைதான், அளவுதான் வேறு. தேய்ந்துவந்த வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளையும் இறக்கியிருக்கிறார்கள். ஆனால் 1998, 2010, 2016 ஆண்டுகளில் கோடையில் கடல் வெப்பம் 30 டிகிரிக்கு மேல் போய்ப் பவளங்கள் வெளுத்தன. பவளத்தின் சதைக்குள் குடியிருந்து உணவு சமைத்துத் தரும் நுண்பாசி சூடு தாங்காமல் வெளியேறிவிடும், பவளம் பட்டினியாகும். ஏப்ரல், மே மாதம் கம்பத்தில் வெயில் ஏறும்போது என் தொட்டிக்குக் குளிரூட்டி இருக்கிறது, மின்சாரம் போனால் பேட்டரி இருக்கிறது. மன்னார் வளைகுடாவுக்கு இரண்டும் கிடையாது.

மண்டபத்திலிருந்து திரும்பிய பிறகு தொட்டியில் இருக்கும் ஒவ்வொன்றையும் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தேன். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களை வளர்ப்பு நீரிலேயே முட்டையிட்டுப் பொரிக்கவைக்கும் முறைகளை உருவாக்கியிருக்கின்றன. ஆகவே கடலில் பிடித்த கோமாளி மீனை வாங்க ஒரு காரணமும் இல்லை. கல்லுக்கு, சிமெண்டும் மணலும் கலந்து வார்த்த செயற்கைக் கல்லைப் பல வாரம் நீரில் ஊறப்போட்டுப் பயன்படுத்தினேன். பாக்டீரியா அதிலும் குடியேறும், இளஞ்சிவப்புப் பாசியும் படரும். மென்பவளத் துண்டுகள் வேறு தொட்டிக்காரர்கள் வீட்டில் வளர்ந்தவை. கற்பவளம் என் தொட்டியில் இல்லை, வைக்கவும் மாட்டேன். உயிரோடிருந்தாலும் செத்த கல்லாக இருந்தாலும் அதற்குச் சட்டம் ஒன்றுதான்.

தேனியிலும் போடியிலும் பெரியகுளத்திலும் இப்போது இளைஞர்கள் கடல் தொட்டி வைக்க ஆசைப்படுகிறார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சி. கடலைப் பார்க்காத பிள்ளைகள் பவளம் வாய்திறந்து உண்பதை வீட்டிலேயே பார்க்கலாம். தொட்டி வாங்குமுன் ஒன்று செய்யுங்கள். பாம்பனுக்கு அருகே குந்துகாலில் வனத்துறைப் படகில் ஏறிக் குருசடைத் தீவைப் பார்த்துவிட்டு வாருங்கள். கரையில் கிடக்கும் வெள்ளைக் கல்லைக் கையில் எடுத்தாலும் அங்கேயே வைத்துவிடுங்கள். ஊர் திரும்பிய பிறகு கடைக்காரரிடம் மீனுக்கும் பவளத்துக்கும் பிறப்பிடம் கேளுங்கள், காகிதம் கேளுங்கள். பதில் சொல்லாதவரிடம் ஒரு ரூபாய்க்குக்கூட வாங்காதீர்கள்.